கை வைக்காத ஓட்டம்

உங்கள் காவலர் கொண்டுவந்த சாயாவில் சர்க்கரை கொஞ்சம் கூடிப்போயிற்று ஸார். பரவாயில்லை, குடித்துவிட்டேன். ஐம்பத்திரண்டு வயதில் டாக்டர் சொல்வதையெல்லாம் கேட்டால் வாயில் வைக்க ஒன்றும் மிஞ்சாது.

பெயர் வைத்தீஸ்வரன். எர்ணாகுளத்தில் ஓர் அரசு அலுவலகத்தில் யு.டி. கிளார்க். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் ஒரு மெமோகூட வாங்கியதில்லை. வியாழக்கிழமை மட்டாஞ்சேரி பஜார் ரோட்டுக் கோடவுனில் மாடிப் பலகை உடைந்து விழுந்து இறந்துபோன மதுவந்தி என் அக்கா மீனாக்ஷியின் பெண். அந்த விஷயத்தில் எங்களோடு வேலை செய்த ஷமீலைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவன் அப்பாவி. அதைச் சொல்லத்தான் வந்தேன். நான் சொல்வதை நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு அவசரமில்லை.

அங்கே நாங்கள் மூன்று பேரும் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். கணினியில் ஒரு சரித்திர விளையாட்டு உண்டு. உலகப் படத்தில் ஏதாவது ஒரு நாட்டை எடுத்துக்கொண்டு நானூறு வருஷம் ஆளவேண்டும். பிரான்ஸ், துருக்கி மாதிரிப் பெரிய நாடுகளுக்கு அதில் இல்லாத வசதியில்லை. நம் கொச்சியோ ஒரு பச்சைப் புள்ளி. எடுத்து விளையாடினால் செய்வதற்கு ஒன்றுமே இருக்காது. பத்து வருஷத்தில் கோழிக்கோடு வந்து விழுங்கிவிடும். எனக்கு அது பொறுக்கவில்லை. பிறந்து வளர்ந்த ஊர் அல்லவா.

அதனால் மலபார் நாடுகளுக்குப் புதிதாக நிகழ்ச்சிகள் எழுத ஆரம்பித்தேன், அதாவது ஆட்டத்தில் எப்போது என்ன நேரும், அதற்கு என்ன செய்யலாம் என்று. ஷமீல் அதையெல்லாம் கணினிக்குப் புரியும்படி ஏற்றுவான். மதுவந்தி படம் வரைவாள். பயலுக்கு இருபத்தொன்பது வயது, அவளுக்கு இருபத்துமூன்று. இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள், அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் யோசனை எல்லாம் என்னுடையது.

கொச்சி அரச குடும்பத்தில் ஐந்து தாவழி, அதாவது பெண்வழியில் வந்த ஐந்து கிளைகள். ஐந்திலும் யார் வயதில் மூத்த ஆணோ அவர்தான் அரசர். அப்பாவுக்குப் பிறகு பிள்ளை என்ற கணக்கே கிடையாது. ஆகவே பட்டத்துக்கு வருகிறவர் எப்போதும் கிழவராகத்தான் இருப்பார். ஐந்து வீட்டுக் கிழவர்களையும் மனம் கோணாமல் வைத்துக்கொள்வதுதான் ஆட்டம் என்று எழுதினேன். தலைநகரம் எரிந்தாலும் தோற்றதாகாது, அரசவையை எதிரே வைப்பின் தீவுக்கு மாற்றிக்கொண்டு காத்திருக்கலாம் என்று எழுதினேன். இடப்பள்ளி துளியூண்டு நாடு, சண்டை போட ஆளில்லை. ஆனால் யாருக்கு வழிவிடுவது என்று அதுதான் முடிவு செய்யும். இப்படி அறுபத்திரண்டு நிகழ்ச்சிகள். எல்லாம் ஆபீஸ் விட்டு வந்து, கண் எரிய எரிய எழுதியவை.

மதுவந்திக்கு அந்தத் தாவழி விஷயத்தில் ஒரே சிரிப்பு. பெண்வழி என்றால் மாமன் சொத்து சகோதரி பிள்ளைகளுக்குத்தான் போகும், நானோ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. "அப்போ அந்தக் கணக்குப்படி மாமாவோட ராஜ்யம் எனக்காக்கும். எவ்வளவு ஏக்கர்னு இப்பவே சொல்லிடுங்கோ" என்பாள். நானும் சிரிப்பேன். அவளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்ததே நான்தான் ஸார்.

ஷமீலுக்கும் எனக்கும் சின்னச் சின்ன உரசல் உண்டு. "சேட்டா, அஞ்சு தாவழின்னு போட்டா விளையாடுறவனுக்கு மனசிலாகுமா? ரெண்டு போதும்" என்பான். ஐந்து இருந்தது, ஐந்துதான் இருக்கும் என்று சொல்லிவிட்டேன். முணுமுணுத்துக்கொண்டே ஏற்றுவான்.

ஒரு நாடு பிழைக்குமா என்று சோதிக்க எங்களிடம் ஒரு முறை இருந்தது. ஆரம்ப நிலைமையை அமைத்துவிட்டு, எந்த நாட்டையும் எடுக்காமல் கணினியைத் தானாக ஓடவிடுவோம். கை வைக்காத ஓட்டம் என்று பெயர். நானூறு வருஷம் ஓடி முடிய ஒரு பகல் ஆகும். நடுவில் கொச்சி சாகிறதே என்று மனசு கேட்காமல் ஒரு தடவை தொட்டாலும் ஓட்டம் கெட்டது, மறுபடி முதலிலிருந்து. விதி நான் போட்டது. மதுவந்திதான் அடிக்கடி மீறுவாள். "பாவம் மாமா, ஒரே ஒரு கப்பல் குடுத்தேன்" என்பாள். ஒரு தடவை அதற்காக அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

இந்த வருஷம் அந்த விளையாட்டை நடத்தும் வெளிநாட்டுக் கம்பெனியே எங்கள் வேலையை எடுத்துக்கொள்வதாக எழுதியது. உலகம் முழுக்க விளையாடுவார்கள். முகப்பில் ஆக்கியவர்கள் பெயர் வரும். போன ஞாயிற்றுக்கிழமை நான் மட்டும் கோடவுனில் இருந்தபோது ஷமீலின் கணினியில் அந்தப் பெயர்ப் பட்டியலைப் பார்த்தேன். ஆக்கம்: ஷமீல், மதுவந்தி. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் நன்றி: ஒரு நண்பர்.

ஒரு நண்பர். அறுபத்திரண்டு நிகழ்ச்சி எழுதியவன் ஒரு நண்பர். எனக்கு வயிறு எரிந்தது, அதை மறைப்பானேன். ஆனால் நான் சத்தம் போடுகிற ஆள் இல்லை. அன்று சாயங்காலம் ஷமீல் வந்ததிலிருந்தே அவனைக் கவனிக்க ஆரம்பித்தேன். போன் வந்தால் என்னைவிட்டுத் தள்ளிப்போய்ப் பேசினான். நான் அருகில் போனால் திரையை மாற்றினான். போன வாரம் எனக்குப் பழம்பொரி வாங்கிவந்தது எதற்கு என்று யோசித்தேன். ஒவ்வொன்றாகப் பொருந்திவந்தது ஸார். சந்தேகம் வந்துவிட்டால் மனிதன் எவ்வளவு தெளிவாகிவிடுகிறான்.

மாடியைப் பார்த்திருப்பீர்கள். குறுமிளகு வைத்திருந்த பழைய கட்டடம். சுவர் ஒன்றரை முழக் கனம், உள்ளே போனுக்கு ரேஞ்ச் கிடைக்காது. காயல் பக்கத்து ஜன்னலுக்குப் போனால்தான் கிடைக்கும். ஜன்னலுக்கு முன்னால் ஒரு பெரிய தேக்குப் பெட்டி கிடந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் சாவி கொடுக்கும்போது கட்டடக்காரர் பிச்சைமணி என்னைத் தனியாக அழைத்து, "ஸாரே, அந்தப் பெட்டியெ மட்டும் நகத்தண்டாம். அடியில பலகை மொத்தம் போயாச்சு, பெட்டி உத்தரத்துமேலதான் நிக்குது. மழை கழிஞ்சு நேராக்கித் தர்றேன்" என்றார். இரண்டு மழை கழிந்தது. அவர் நேராக்கவில்லை. "எல்லாரிடமும் சொன்னேன்" என்று அவர் உங்களிடம் சொல்லியிருக்கிறார் அல்லவா, பயத்தில் சொல்லியிருப்பார். என்னிடம் மட்டும்தான் சொன்னார். நான் யாரிடமும் சொல்லவில்லை. பெட்டியைச் சுற்றித்தானே எல்லாரும் போகிறார்கள், எதற்கு வீணாகப் பயமுறுத்துவது என்று இருந்துவிட்டேன்.

திங்கட்கிழமை நாலு நாள் லீவு எழுதிக்கொடுத்தேன். படம் விரிக்க இடம் போதவில்லை, பெட்டியைச் சுவரோரம் தள்ளலாம் என்றேன். எனக்கு முதுகுவலி, ஷமீல்தான் பெரும்பாலும் தள்ளினான். "பெட்டியை நகர்த்தியது நான்தான்" என்று அவன் உங்களிடம் ஒப்புக்கொண்டது உண்மை. நகர்த்தச் சொன்னவன் பெயரையும் சொல்லியிருப்பான், நீங்கள் காதில் போட்டுக்கொண்டிருக்கமாட்டீர்கள். பெட்டி இருந்த இடத்தில் பலகை வெளிறிப்போயிருந்தது. பார்க்க நன்றாக இல்லை என்று அதன்மேல் ஒரு பாய் விரித்தேன்.

பிறகு மாடிப்படி பக்கத்து மேஜையில் உட்கார்ந்துகொண்டேன்.

செவ்வாய்க்கிழமை ஷமீல் போனைப் பார்த்தபடியே பாய் வரைக்கும் போனான். சார்ஜர் ஒயர் எட்டவில்லை, திரும்பிவிட்டான். புதன்கிழமை பாயின் ஓரத்தை மிதித்தான், ஒன்றும் ஆகவில்லை. அன்று சாயங்காலம் எனக்கே வேண்டாம் என்று தோன்றியது. பெட்டியைப் பழைய இடத்தில் வைத்துவிடலாமா என்று யோசித்தேன். ஆனால் அதற்கு இரண்டு பேர் வேண்டும், அவனைக் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பான்.

மதுவந்தி இதில் வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. அவள் வீட்டிலிருந்து வரைகிறவள். வியாழக்கிழமைகளில் மட்டும்தான் கோடவுனுக்கு வருவாள்.

வியாழன் பதினொரு மணிக்கு வந்தாள். வந்ததும் ஷமீலுக்கும் அவளுக்கும் வாக்குவாதம். பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டதாகச் சொன்ன சண்டை அதுதான். எதைப் பற்றி என்று அவர்களுக்குத் தெரியாது. ஷமீல் அவளிடம், "சேட்டன் நாலு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சுட்டு இருக்காரு. அந்த லிஸ்ட்ட கண்டிருப்பாரு. நீயே போய்ச் சொல்லு, எனக்கு வய்யா, என்னால முடியாது" என்று கத்திவிட்டுக் கீழே போய்விட்டான்.

அவள் என் மேஜைக்கு வந்தாள். அவளுடைய பேச்சை அப்படியே சொல்கிறேன், முக்கியம். "மாமா, கோச்சுக்கப்படாது. உங்க பேரை எடுத்தது ஷமீல் இல்லே, நான்தான். கவர்மென்ட் ஜோலிக்காரா பேரு வெளியில வந்தா மெமோ வரும்னு நீங்கதானே சொன்னேள்? இன்னும் நாலு வருஷ சர்வீஸ் இருக்கே, பென்ஷனுக்குக் கேடு வந்துடப்படாதேன்னுதான். ஷமீல் அப்பவே வேண்டாம்னான்."

நான் அப்படிச் சொன்னது வாஸ்தவம். இதை ஆரம்பித்த புதிதில், என் பெயர் எங்கேயும் வரக்கூடாது என்று இரண்டு பேரிடமும் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கம்பெனி, உலகம் என்றெல்லாம் ஆகும் என்று அப்போது யாருக்குத் தெரியும். அது எனக்கு மறந்தே போயிருந்தது.

என் முகத்தைப் பார்த்துவிட்டு அவள் சிரித்தாள். "ஐயோ, இதுக்கா நாலு நாளா இப்படி? மாமாவுக்குப் பேரு வேணும்னா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லப்படாதோ? இருங்கோ, இப்பவே மாத்தி அனுப்பிச்சுடறேன்" என்று போனை எடுத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்து நடந்தாள்.

என் மேஜையிலிருந்து பாய் வரைக்கும் ஒன்பது அடி வைக்கவேண்டும். நில்லு என்று சொல்ல ஒரு நொடி போதும். பேர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாலே திரும்பியிருப்பாள். தொண்டை அடைத்துக்கொண்டது, அதிர்ச்சியில் வாய் வரவில்லை என்று அக்காவிடம் சொன்னேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "இனி எனக்கு நீ மட்டும்தாண்டா இருக்கே" என்று அழுதாள். உங்களிடம் பொய் சொல்ல விருப்பமில்லை. தொண்டை அடைக்கவில்லை. நாலு நாள் பொறுமையாக உட்கார்ந்திருந்தேன். ஓட்டத்தின் நடுவில் கை வைக்கக்கூடாது. அது வேலை செய்யுமா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

செய்தது. பலகை முறிந்த சத்தம் கேட்டு முதலில் ஓடிப்போனவன் கீழே இருந்த ஷமீல். அவளை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அதனால்தானே உங்களுக்கு அவன்மேல் சந்தேகம். நான் படியில் மெதுவாகத்தான் இறங்கினேன், முதுகுவலி என்று சொன்னேனே.

இதுதான் நடந்தது. நான்தான் செய்தேன், கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஷமீலை இன்றைக்கே விட்டுவிட்டால் உபகாரமாக இருக்கும். கம்பெனிக்குத் திங்கட்கிழமை கெடு. ஐந்து தாவழியில் இரண்டு இன்னும் ஏறவில்லை, அந்த வேலை தெரிந்தவன் அவன் ஒருவன்தான். பெயர்ப் பட்டியலையும் அவன்தான் திருத்தவேண்டும். என் ஜோலி இனி எப்படியும் போய்விடும், ஆகவே பெயர் போடத் தடையில்லை. முதலில் வைத்தீஸ்வரன், அதற்குக் கீழே மதுவந்தி என்று போடச் சொல்லுங்கள். குழந்தை கடைசியாக ஆசைப்பட்டதும் அதுதான்.