பச்சை முடிச்சு

— கத்தாதீங்கம்மா, நான் செவிடு இல்ல. அதாவது, இந்தக் குடையில உங்க கம்பெனி லேபிள் இருக்கு. உச்சியில பச்சை நூல் முடிச்சு இருக்கு. இது யாரோட முடிச்சு?

— எங்க அண்ணியோடது சார். இதோ பக்கத்துல உக்காந்திருக்காங்களே, எங்க அண்ணன் சம்சாரம். பச்சைன்னா அண்ணி, மஞ்சள்னா நான். தைக்கிற ஒவ்வொருத்திக்கும் ஒரு கலர். தையல் விட்டுச்சுன்னா கடைக்காரர் குடையைத் திருப்பி அனுப்புவாரு. முடிச்சைப் பாத்து, தச்சவ எவளோ அவகிட்டயே குடுத்துடுவாங்க. திரும்பத் தைக்கக் கூலி கிடையாது.

— அப்ப இது நீங்க தச்ச குடை.

— அய்யய்யோ! இல்லன்னுதானே தொண்டத் தண்ணி வத்தக் கத்திக்கிட்டிருக்கேன்.

— கேளுங்க. வெளிநாட்டுச் சரக்கு வந்து வேலை போனவங்களுக்குத்தான் இந்த அரசாங்க உதவித்தொகை. பயிற்சியும் அவங்களுக்குத்தான். ஆனா கடைக்குக் கடை உங்க கம்பெனி குடைதான் தொங்குது, வெளிநாட்டுக் குடை ஒண்ணுகூட இல்ல. உங்க முதலாளி வேற, ஆளுங்க ஒழுங்கா வேலைக்கு வரல, அதான் மூடினேன்னு சொல்லிட்டாரு. நான் என்னன்னு மேல அனுப்பறது?

— நாங்களா வரல? காய்ச்சலோட வந்து மிஷின்ல உக்காந்தவங்க சார் நாங்க. கேளுங்க சார், தச்சு முடிச்ச குடையே வெளிநாட்டுலேர்ந்து பெட்டி பெட்டியா கப்பல்ல வந்துச்சு. அவன் லேபிளை வெட்டி எறிஞ்சிட்டு நம்ம லேபிளைத் தைக்கணும், உச்சியில நம்ம முடிச்சைப் போடணும். கடைசியில அதுதான் பொழப்பா இருந்துச்சு. சொல்லுங்களேன் அண்ணி! பிடிச்சு வச்ச மாதிரி உக்காந்திருக்கீங்க.

— ம். போட்டோம்.

— ஏம்மா போட்டீங்க?

— போடச் சொன்னாங்க. முடிச்சு இல்லாத குடையைக் கடைக்காரர் தொடமாட்டாரு.

— தப்புன்னு தோணலையா?

— என்னமோ. தோணுச்சான்னு ஞாபகம் இல்ல சார்.

— அதாவது, நீங்க சொல்றதை நான் நம்பறேன். நம்பினா மட்டும் போதாது. இது உங்க தையல் இல்லன்னு ஏதாவது ஒரு வித்தியாசம் காட்டணும். இல்லாட்டி வெளிய வராந்தாவுல நிக்கிற அத்தனை பேரும் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

— அவனோடது குப்பை சார்! அதான் வித்தியாசம். ஒரு காத்துக்குத் தாங்காது.

— மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இந்தக் குடையை நான்தாம்மா பிடிக்கிறேன். ஒரு நூல் பிரியல.

— அது உங்க ராசி. எங்களுக்கு வாரா வாரம் மூட்டை திரும்பி வந்துச்சே! மூட்டையைப் பிரிச்சு, கலர் கலரா அடுக்கிக் கணக்குச் சொல்றது அண்ணி வேலை. எல்லாம் பச்சை! எவ முடிச்சு நிறைய திரும்புதோ அவளைத்தான் முதல்ல நிறுத்துவாங்க. ஆலை மூடறதுக்கு முன்னாடியே அண்ணிக்குச் சீட்டு கிழிஞ்சிடுச்சு. அதுக்கப்புறம் மூட்டையே வரல, கடைசி நாள் வரைக்கும் நான் இருந்தேன். என் மஞ்சள் ஒண்ணுகூட திரும்பி வந்ததில்ல சார், தெரியுமா?

— சார், பிளேடு இருக்கா?

— எதுக்கும்மா?

— அந்த வெளிநாட்டுக்காரங்களுக்கு மாதிரிக்கு நம்ம குடையைத்தான் முதலாளி அனுப்பினாரு. அதைப் பாத்து அப்படியே தச்சிருக்காங்க. மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. மடிப்பைப் பிரிக்கணும்.

— வெளிய தூறுதே.

— திரும்பத் தச்சுக் குடுத்துடறேன்.

— கூலி கேக்கமாட்டோம் சார், பயப்படாதீங்க. அதுதான் பழகிப்போச்சே.

— இந்தாங்க. பாத்து.

— ம்… இதோ. உள்ள ரெண்டு ஓட்டு ஓடியிருக்கு. ரெட்டைத் தையல்.

— உங்களோடது எப்படி?

— ஒத்தத் தையல். முன்னெல்லாம் ரெட்டைதான். மாதிரிக்குப் போனது அந்தக் காலத்துக் குடை. அப்புறம் வெளிநாட்டு விலைக்கு ஈடு குடுக்கணும், நூலும் மிச்சம் நேரமும் மிச்சம்னு ஒத்தையா ஓட்டச் சொன்னாங்க. வெளிநாட்டுக்காரங்க மாதிரியில இருந்தபடியே ரெண்டு ஓட்டிட்டாங்க.

— ஆமா சார், அது நெசம். எங்க எல்லாருக்கும் ஒத்தைதான். எந்தக் கடையில வேணும்னாலும், கப்பல் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி வாங்கி வச்ச குடையைப் பிரிச்சுப் பாருங்க.

— இது போதும்மா. அதாவது, ரெண்டு கடையில ஆள் அனுப்பிப் பிரிச்சுப் பாத்துட்டா முடிஞ்சது. உங்க எல்லாருக்கும் கிடைச்சிடும். வெளிய நிக்கறவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க.

— அண்ணி! கேட்டீங்களா? கிடைச்சிடுமாம்! கொஞ்சம் சிரிச்சா என்ன, முத்தா உதிர்ந்துடும்?

— ம். கேட்டேன்.

— இவங்க இப்படித்தான் சார். வேலையை விட்டு நிறுத்தின அன்னிக்கும் வீட்டுக்கு வந்து எப்பவும் போல பாத்திரம் விளக்கினாங்க. ஊரே சொல்லுச்சு, கை போயிடுச்சு, கண்ணு போயிடுச்சுன்னு. நானும்தான் சொன்னேன், ஏன் பொய் சொல்லணும். சார், ஒரு உபகாரம். திரும்பி வந்த பச்சை முடிச்செல்லாம் கப்பல்ல வந்த குடைன்னு எழுதிக்கங்க. எங்க அண்ணி பேரு கெட்டது அவன் குப்பையாலதான்.

— அப்படியாம்மா? திரும்பி வந்ததைப் பிரிச்சுத் தச்சது நீங்கதானே. நீங்க சொன்னா எழுதறேன்.

— வேணாம் சார்.

— ஏன் வேணாம்? சொல்லுங்க அண்ணி, அதெல்லாம் அவன் குடைதானே?

— கப்பல்ல வந்த குடை ஒண்ணுகூட திரும்பி வரல. வந்தது அத்தனையும் ஒத்தத் தையல். பாதிக்கு மேல உன்னோடது. மூட்டையைப் பிரிச்சதும் உன் மஞ்சளை அவுத்துட்டு என் பச்சையைப் போட்டுடுவேன்.