மெழுகு இருக்கும் இடத்துச் சூடு

மேடையில் வீற்றிருக்கும் மன்றத் தலைவர் டேல் லாத்தி அவர்களே, பாதிரியார் ஹால்வர்சன் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஆர்வோவின் மனைவி ஹெல்மி மத்திலா அவர்களே, ஈர பூட்சுகளை வாசலில் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கும் ஆல்டர் கிரீக் ரைஃபிள் மன்றத்து நண்பர்களே, வணக்கம்.

நான் வெண்டல் பாஸ்கோ. முப்பது வருடம் இந்த ஊர்ச் சாலைகளில் பனி தள்ளும் லாரி ஓட்டினவன். பேச்சாளன் இல்லை. பொறுமை என்பது என் பக்கத்திலேயே வராது என்று என் மனைவி சொல்வாள். அதைச் சொல்லி முடிக்கும்வரைகூட நான் நின்று கேட்டதில்லை.

தலைவர் டேல் இப்போது ஒரு கதை சொன்னார். "ஆர்வோவோட ஹீட்டர் ஒரே ஒரு தடவைதான்யா நம்மளக் கவுத்துச்சு. அதுவும் கோப்பை நாளாப் பாத்துக் கவுத்துச்சு!" என்றார். அன்போடுதான் சொன்னார். கூடமே சிரித்தது. பதினோரு வருடமாக அந்த இடத்தில் சிரித்துச் சிரித்துப் பழகிவிட்டதால் என் வாயும் தானாகச் சிரித்துவிட்டது. ஹெல்மி மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்தார்.

நண்பர்களே, அந்தக் கதை பொய். ஆர்வோ மத்திலாவின் பெயரில் அந்தக் கறை ஒட்டியபடி நாளைக்கு அவரைப் புதைக்கக் கூடாது. அதைச் சொல்லத்தான் எழுந்தேன். ஆனால் முதலில் அவரைப் பற்றிச் சொல்லவிடுங்கள். அவரைச் சொன்னால்தான் என் தப்பின் அளவு உங்களுக்குப் புரியும்.

யார் இந்த ஆர்வோ? நாற்பது வருடம் நம் பள்ளிக்கூடத்துக் கொதிகலனைப் பார்த்துக்கொண்டவர். வெளியே ஏரியே உறைந்து கிடக்கும் ஜனவரியில் நம் பிள்ளைகள் கோட்டைக் கழற்றி நாற்காலியில் மாட்டிவிட்டுப் பாடம் படித்தார்களே, யாரால்? ஒரு நாளாவது அவர்களுக்கு வியர்த்ததா? ஒரு நாளாவது விரல் விறைத்ததா? யாருக்கும் தெரியாமல் ஒரு சூட்டை அளவாக வைத்திருப்பது அவருக்குக் கைவந்த கலை. அது தெரியாமல் இருந்ததாலேயே நாம் யாரும் அவருக்கு நன்றி சொல்லவில்லை.

அப்படிப்பட்டவரின் வீட்டுக் கீழறைக்குத்தான் நம் மெழுகுப் பிரச்சினை போய்ச் சேர்ந்தது. நாம் வார்க்கும் ஈயக்குண்டின் இடுப்பில் ஓடுகிற பள்ளத்தில் மெழுகு நிரம்ப வேண்டும். இல்லாவிட்டால் ஈயம் துப்பாக்கிக் குழாய்க்குள் அப்பிக்கொள்ளும். தேன்மெழுகுக் கலவை நல்ல கலவைதான், ஆனால் நம் ஊர்க் குளிருக்குக் கல்லாகிவிடும். மெழுகேற்றும் கருவியின் கைப்பிடியில் தொங்கிக்கொண்டு அழுத்தினாலும் வெளியே வராது. சூடு கொடுத்தால் வரும். எவ்வளவு சூடு? அதுதானே கேள்வி. கொஞ்சம் கூடினால் தண்ணீராக ஓடும். குண்டின் அடியில் போய் ஒட்டி, பிறகு தோட்டாவுக்குள் வெடிமருந்தை நனைத்துவிடும்.

நாமெல்லாம் என்ன செய்தோம்? ஒருவர் தகர டப்பாவுக்குள் பல்பைப் போட்டார். ஒருவர் முடி உலர்த்தும் கருவியைக் கட்டிவைத்தார். ஆர்வோவே முதலில் ஹெல்மியின் இஸ்திரிப் பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு அதன் மேல் கருவியை உட்காரவைத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹெல்மி சண்டைக்கு வந்ததை நானே கேட்டேன்.

"சர்ச்சுக்குப் போட்டுட்டுப் போற சட்டையில தேன் வாசனை அடிக்குது ஆர்வோ. பாதிரியார் ஜெபத்த விட்டுட்டு மூக்க உறிஞ்சறாரு."

"நல்ல வாசனைதானே ஹெல்மி?"

"நல்ல வாசனைதான். எம் பெட்டியக் குடு."

அதற்கப்புறம்தான் அவர் உட்கார்ந்து யோசித்தார். கருவிக்கு அடியில் கனமான இரும்புத் தகடு, தகட்டுக்குள் சின்ன ஹீட்டர், யாரோ தூக்கிப்போட்ட கோழிக்குஞ்சு பொரிக்கும் பெட்டியிலிருந்து கழற்றிய கட்டுப்பாட்டு டப்பா. அதில் ஒரு குமிழ், சூடு ஏறும்போது எரிந்து, போதுமானதும் அணைகிற ஒரு சிவப்பு விளக்கு. நாமெல்லாம் சூட்டை அளந்தது ஹீட்டருக்குப் பக்கத்தில். அவர் ஒரு துளை போட்டு, மெழுகு நிற்கிற இடத்தை ஒட்டி அளந்தார். "தீ எவ்ளோ சுடுதுன்னு யாருக்குய்யா வேணும்? மெழுகுக்கு எப்டி இருக்குன்னு கேளு" என்பார். நூற்றுப் பதினைந்து டிகிரி ஃபாரன்ஹீட். குமிழ் நிற்க வேண்டிய இடத்தில் ஒரு பென்சில் கோடு. ஆறு வருடம் நம் அணியின் குண்டுகள் அத்தனையும் அந்தக் கோட்டில்தான் பிறந்தன.

இப்போது அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் கோப்பைப் போட்டி. ஹெல்மிக்குக் கண் அறுவை சிகிச்சை; இரண்டு மணி நேரம் தள்ளியுள்ள மருத்துவமனைக்கு ஆர்வோ அழைத்துப்போக வேண்டும். குண்டுகளுக்கு மெழுகேற்றும் பொறுப்பை என்னிடம் விட்டார். கோட்டுப் பொத்தானைப் போட்டபடியே சொன்னார்:

"சுவிட்சப் போட்டுட்டு நாப்பது நிமிஷம் காப்பி குடி. விளக்கு ஒரு தடவ அணைஞ்சு, எரிஞ்சு, மறுபடி அணையட்டும். அப்பறம் கைப்பிடியத் தொடு."

"குமிழக் கொஞ்சம் ஏத்தி வெச்சா சீக்கிரம் ஆயிடுமே?"

"ஆவாதுய்யா. அது வேகமா ஓடுற குமிழ் இல்ல வெண்டல். எங்க நிக்கணும்னு சொல்ற குமிழ். ஏத்துனேன்னா நிக்க வேண்டிய இடத்தத் தாண்டிப் போயிடும், அவ்ளோதான்."

அவர் கார் தெரு முனை திரும்பியது. நான் குமிழைக் கடைசிவரை திருப்பினேன்.

ஏன் திருப்பினேன்? பனி லாரியில் நான் அப்படித்தான். மிதித்தால் போகும். அந்தக் குணத்தை அவர் வீட்டுக் கீழறைக்குள்ளும் கொண்டுபோனேன்.

அந்த முற்பகலை நான் இன்னும் கனவில் காண்கிறேன். மே மாதம், ஆனால் நம் ஊர்க் கீழறைகளுக்கு மே மாதம் வருவது ஜூலையில்தான். தரையிலிருந்து குளிர் ஏறுகிறது. மேசையிலிருந்து சூடு இறங்குகிறது. இரண்டும் என் முழங்காலுக்குப் பக்கத்தில் சந்திக்கின்றன. கூரையோரச் சின்ன ஜன்னலில் மஞ்சள் வெளிச்சம், அதன் வழியே புல் நுனிகள் மட்டும் தெரிகின்றன. உருகும் பனி எங்கேயோ சொட்டிக்கொண்டே இருக்கிறது. பிறகு அந்த வாசனை மெல்ல அறையை நிறைக்கிறது. பூக்காத ஊரில் யாரோ பூந்தோட்டத்தைத் திறந்துவிட்டதுபோல இருந்தது. சிவப்பு விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. அதைப் பார்த்தபடியே கண் சொருகிவிட்டது. என் அம்மா அடுக்களையில் ரொட்டி சுடுகிறாள், நான் மேசைக்கு அடியில் படுத்திருக்கிறேன், யாரும் என்னை எழுப்ப வேண்டிய அவசியமில்லை. வாழ்க்கையில் அப்படி ஒரு தூக்கம் நான் தூங்கியதே இல்லை.

விழித்தபோது மெழுகு மேசை விளிம்பிலிருந்து தரைக்கு நூலாக இறங்கிக்கொண்டிருந்தது.

அப்போதாவது அணைத்துவிட்டு ஆறட்டும் என்று உட்கார்ந்தேனா? இல்லை. தண்ணீராக ஓடும் மெழுகிலேயே இருநூறு குண்டுகளையும் அழுத்தி எடுத்தேன். அடியில் வழிந்ததைக் கந்தைத் துணியால் துடைத்தேன். தரையைத் துடைத்தேன். குமிழைப் பென்சில் கோட்டுக்கே திருப்பிவைத்தேன். மாலையில் நான் கிளம்பும்போது, கண்ணில் கட்டோடு வந்த ஹெல்மியைக் கைப்பிடித்து ஆர்வோ படியேற்றிக்கொண்டிருந்தார். "எப்டிய்யா போச்சு?" என்று கேட்டார். "எல்லாம் சரியாப் போச்சு" என்றேன்.

மறுநாள் என்ன நடந்தது என்று உங்களில் பாதிப் பேர் பார்த்தீர்கள். சுட்டால் வெடிச் சத்தம் இல்லை, அறைக்கதவைச் சாத்தினதுபோல ஒரு மொண்ணைச் சத்தம். குறிப்பலகைக்குக் கீழே மண் தெறித்தது. நான்கு பேருக்கும் அதே கதை. வடகரை மன்றத்துக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ஆர்வோ ஒரு தோட்டாவைப் பிரித்து, மெழுகு பட்டுக் கட்டியாகிப்போன மருந்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "சூடு தாண்டிப் போயிருக்கு. என் டப்பாதான். தப்பு என்னோடதுதான்."

நான் பக்கத்தில் நின்றிருந்தேன் நண்பர்களே. அவர் தோள் என் தோளில் படும் தூரத்தில். துப்பாக்கியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு நாம் மெழுகுக்குப் பதில் கடையில் விற்கும் பசையை வாங்கிக்கொண்டோம். அவரிடம் யாரும் குண்டு கேட்கவில்லை. யாரும் திட்டவுமில்லை; கேலி மட்டும் செய்தோம். எதையாவது கெடுத்தவனை "மத்திலா மெழுகு மாதிரி பண்ணிட்டியே" என்றோம். அதைவிடக் கொடுமை ஒன்று அவர் கீழறையில் நடந்தது. அவர் இல்லாத பழுதைத் தேட ஆரம்பித்தார். டப்பாவைப் பிரிப்பார், மாட்டுவார். நூற்றுப் பதினைந்தில் நிறுத்தி, நாள் முழுக்க அளந்து எழுதுவார். ஒரு நாளும் அது தாண்டவில்லை. தாண்டாததுதான் அவரைத் தின்றது. அன்றைக்கு அங்கே இருந்தவன் நான் ஒருவன்தானே? என்னைத்தான் கேட்பார்.

"யோசிச்சுச் சொல்லு வெண்டல். விளக்கு அணைஞ்சு அணைஞ்சுதான எரிஞ்சுது?"

"ஆமா ஆர்வோ. சரியாத்தான் எரிஞ்சுது."

பதினோரு வருடம். எத்தனை தடவை கேட்டிருப்பார்? எத்தனை தடவை நான் அவருடைய காப்பியைக் குடித்துக்கொண்டே அந்தப் பொய்யைச் சொன்னேன்?

போன வாரம் திங்கட்கிழமை, நோயில் படுத்திருந்த அவரைப் பார்க்கப் போனேன். கட்டிலில், போர்வை மேல் அந்த டப்பா பிரித்துக் கிடந்தது. திருகாணியைப் பிடிக்கக்கூட அவர் விரல்களுக்கு வலு இல்லை. மறுபடி கேட்டார். விளக்கு அணைந்ததா? இன்னொரு தடவை என்னால் பொய் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். குமிழ், தூக்கம், கந்தைத் துணி, எல்லாவற்றையும்.

பிரித்த டப்பாவை உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார்: "அப்போ டப்பா நல்லாத்தான் இருக்கா?"

"நல்லா இருக்கு."

"அன்னைக்கும்?"

"அன்னைக்கும்."

அவர் முகம் மலர்ந்தது. எனக்காக இல்லை. "ஹெல்மி, கேட்டியா? நல்லாத்தான் இருந்திருக்கு" என்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தார். அப்புறம் என்னிடம், "நீ வீட்டுக்குப் போ வெண்டல்" என்றார். அவ்வளவுதான். என்னை மன்னித்தாரா? தெரியாது. கேட்கும் தைரியம் வருவதற்குள், நான்காம் நாள் அவர் போய்விட்டார். நான்கு நாள் சந்தோஷம்தான் அவருக்குக் கிடைத்தது. பதினோரு வருடத்தை நான் எடுத்துக்கொண்டேன்.

ஆர்வோவின் கருவியை அவருடைய நெருங்கிய நண்பனிடம் ஒப்படைத்து வேலையைத் தொடர்வோம் என்று தலைவர் அறிவித்தார். அந்த நண்பன் நான்தானாம். அந்தப் பணி தொடர வேண்டும். நம் அணி மறுபடி அந்தச் சூட்டில் பிறந்த குண்டுகளோடு களத்தில் நிற்க வேண்டும். அது என் கையால் ஆகலாமா என்பதை ஹெல்மி சொல்லட்டும். ஆகாது என்றால், கருவியை நானே சுமந்து, அவர் காட்டும் வீட்டில் இறக்கிவைக்கிறேன்.

ஆனால் ஒரு வேலை மட்டும் இன்றைக்கே முடிய வேண்டும். செயலாளர் எர்லா அவர்களே, பழைய குறிப்பேடு அந்த அலமாரியில் இருக்கிறது. அந்த மே மாதக் கூட்டத்தைத் திறங்கள். 'தோல்விக்குக் காரணம் மத்திலாவின் ஹீட்டர் பழுது' என்று இருக்கும். முன்மொழிந்தது யார் என்று பாருங்கள். என் பெயர்தான். அதை அடித்துவிட்டு எழுதுங்கள்: ஹீட்டரில் பழுது இல்லை. ஆர்வோ மத்திலாவிடம் தவறு இல்லை. குமிழைத் திருப்பியவன் வெண்டல் பாஸ்கோ.

எழுதிவிட்டீர்களா? சத்தமாக வாசியுங்கள் எர்லா. ஹெல்மி கேட்கட்டும்.