படகிலிருந்து வந்த இரண்டு பேட்டரிகள்

பழைய பேட்டரியைத் தூக்கும்போது முதுகை வளைக்கக் கூடாது. முழங்காலை மடக்கி, உடம்போடு ஒட்டித் தூக்க வேண்டும். எனக்கு ஐம்பத்து மூன்று வயதாகிறது. இன்றுவரை முதுகில் ஒரு பிடிப்புக் கிடையாது.

நீங்கள் விசாரிக்கும் அந்த இரண்டு பேட்டரிகளையும் படகிலிருந்து இறக்கியது நான்தான். கோமதிநாதன் சார் வீட்டில் கொண்டுபோய் வைத்ததும் நான்தான். வேறு யாரையும் இதில் சேர்க்க வேண்டாம்.

சங்கரன்கோவிலில் பேட்டரி, இன்வெர்ட்டர் கடை வைத்து இருபத்திரண்டு வருடமாகிறது. நமக்கும் கடலுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் என் மனைவியின் தம்பி பிரின்ஸுக்குத் தூத்துக்குடியில் ஒரு விசைப்படகு உண்டு. மனைவி இறந்து ஆறு வருடமாகியும் அவன் என்னை விட்டுவிடவில்லை. போன மார்ச்சில் நடுக்கடலில் அவன் படகின் பேட்டரிகள் படுத்துவிட்டன. வயர்லெஸ் இல்லை, விளக்கு இல்லை. ஒன்றரை நாள் மிதந்து கிடந்தார்கள். வேறொரு படகு கட்டி இழுத்து வந்தது. மீன்பிடித் தடைக்காலத்தில் நான் போய், ஆறு பழைய பேட்டரிகளையும் கழற்றிவிட்டு, லித்தியம் பேட்டரி மாட்டிக் கொடுத்தேன்.

"இத எடைக்குப் போட்டுருங்க அத்தான். யாருக்கும் வித்துராதிய. ஆளக் கொன்னுரும்" என்றான் பிரின்ஸ்.

நான்கை எடைக்குப் போட்டேன். இரண்டை வைத்துக்கொண்டேன். ஏன் என்று அப்போது எனக்கே தெரியாது.

ஜூன் மாதம் நெல்லையம்மாள் அக்கா கடைக்கு வந்தார்கள். கோமதிநாதன் சாரின் மனைவி. சாருக்கு நுரையீரல் கெட்டு, வீட்டிலேயே ஆக்சிஜன் மெஷின் வைத்திருந்தார்கள். அது இரவும் பகலும் ஓடவேண்டும். கரண்டு போனால் ஓட்டுவதற்கு இன்வெர்ட்டரில் நல்ல பேட்டரியாகப் போடச் சொன்னார்கள். ஒரே மகன் ஸ்ரீராம்குமார் பெங்களூரில் வேலையில் இருந்தான்.

சாரை எனக்கு முன்பே தெரியும். அரசு அலுவலகத்தில் பெரிய நாற்காலியில் இருந்தவர். ஒரு சான்றிதழுக்காக என்னைப் பதினோரு நாள் நிற்க வைத்தார். பெயர் கேட்டதில்லை. "யோவ், கடைக்காரரே" என்பார். அதற்குப் பழிவாங்கினேன் என்று ஏட்டையா எழுதியிருக்கிறார். அதை அடித்துவிடுங்கள். எனக்கு அவர்மேல் கோபமே கிடையாது. பணத்துக்காகவும் இல்லை. பாதி விலைதான் வாங்கினேன்.

பேட்டரி முனையில் இருந்த உப்பைச் சுரண்டி, சுடுதண்ணீரில் கழுவி, புது ஸ்டிக்கர் ஒட்டினேன். அந்த மெஷின் இழுக்கும் அளவுக்கு லோடு கொடுத்துப் பார்த்தேன். நாற்பது நிமிடம் நின்றது. அக்காவிடம் ஆறு மணி நேரம் என்றேன். அவசரத்துக்கென்று வாடகைக்கு எடுத்து வைத்திருந்த ஆக்சிஜன் சிலிண்டரை இனி வைத்திருப்பது வீண் என்றேன். திருப்பிக் கொடுக்க நானே என் ஸ்கூட்டரில் கட்டி எடுத்துப் போனேன்.

ஜூலையில் முதல் தடவை கரண்டு போனது. சார்ஜ் இறங்கி இன்வெர்ட்டர் கூவியதும் அக்கா போன் செய்தார்கள். "தம்பி, பேட்டரி கூவுதுய்யா. அவுகளுக்கு மூச்சு இழுக்கு. ஓடி வாய்யா." நல்ல பேட்டரி ஒன்றை எடுத்துக்கொண்டு பத்து நிமிடத்தில் போய்விட்டேன். கரண்டு வந்ததும் அதைக் கழற்றிக்கொண்டு பழையதையே திரும்ப மாட்டினேன், ஒவ்வொரு முறையும் அப்படித்தான். அதுவரை நான் அந்த வீட்டு முன்னறையைத் தாண்டியதில்லை. அன்று படுக்கையறைக்குள் கூட்டிப்போய், நாற்காலி போட்டு, காப்பி கொடுத்தார்கள். சார் என் கையைப் பிடித்துக்கொண்டார். மெலிந்த கை, சூடாக இருந்தது.

"செல்வமணி, நீரு இல்லன்னா நான் இல்ல வே" என்றார்.

அவர் வாயிலிருந்து என் பெயரை அன்றுதான் கேட்டேன். வீட்டுக்கு வந்தும் அந்தக் கை என் கையிலேயே இருந்தது மாதிரி இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. சமைக்கவும் தோன்றவில்லை.

அடுத்த முறை அக்கா முன்கூட்டியே கூப்பிட்டுவிட்டார்கள். பேட்டரி கூவும் முன்பே போய் மாற்றினேன். சார் தூங்கிக்கொண்டிருந்தார். "ரொம்ப நன்றி தம்பி" என்று வாசலிலேயே காப்பியை நீட்டினார்கள். குடித்துவிட்டு வந்தேன். அதில் தப்பொன்றும் இல்லை. ஆனால் எனக்கு ஒன்று புரிந்தது.

மூன்றாம் முறை கொஞ்சம் தாமதித்துப் போனேன். சாரின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. அக்கா என் தோளில் சாய்ந்து அழுதார்கள். நான்காம் முறை இன்னும் கொஞ்சம். தீபாவளிக்கு எனக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தார்கள். சார் மகனிடம் வீடியோவில் என்னைக் காட்டி, "என் உசுர புடிச்சு வச்சிருக்கது இவருதாம்லே" என்றார். ஸ்ரீராம்குமார் என்னை மாமா என்று கூப்பிட்டான். பிறகு, பேட்டரி அடிக்கடி இறங்குகிறதே, லித்தியம் வாங்கி அனுப்பட்டுமா என்று கேட்டான்.

"அது வீட்டுக்குள்ள ஆவாது தம்பி. தீப்பிடிச்சிரும். நான் இருக்கேன்லா" என்றேன்.

நவம்பரில் மாதாந்திரப் பராமரிப்புக்காக ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது முதல் ஐந்து வரை கரண்டு இருக்காது என்று அறிவித்திருந்தார்கள். முந்தின நாளே அக்கா கேட்டார்கள்.

"நாளைக்குப் பூரா நிப்பாட்டுதாகளாம். தாங்குமாய்யா?"

"தாங்கும்க்கா. நீங்க பேசாம இருங்க."

செவ்வாய்க்கிழமை எட்டரைக்கே நல்ல பேட்டரியை ஸ்கூட்டரில் ஏற்றிவிட்டேன். நான் போகாமல் இருந்துவிட நினைத்தேன் என்று யாரும் சொல்ல முடியாது. ஒன்பதரைக்கு முதல் போன் வந்தது. எடுக்கவில்லை. கிளம்பினேன். அவர்கள் தெருமுனையில் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தேன். பதினேழு நிமிடம் நின்றேன். எதிரே இருந்த மளிகைக்கடைக் கேமராவில் அது இருக்கிறது. இன்வெர்ட்டர் கூவுவது அங்கேயே கேட்டது. பிறகு அதுவும் நின்றது. போன் பையில் அடித்துக்கொண்டே இருந்தது. அப்போதும் நான் நகரவில்லை. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்றிருந்தது.

அப்புறம் அக்கா தெருவுக்கு வந்தார்கள். சேலைத் தலைப்பு மண்ணில் இழுபட, செருப்பில்லாமல், நடுத்தெருவில் நின்று, "செல்வமணீ" என்று கூப்பிட்டார்கள். இரண்டாம் முறை கூப்பிடும்வரை கேட்டுவிட்டுத்தான் வண்டியை உதைத்தேன். நான் உள்ளே போனபோது சார் கண் திறந்திருந்தார். கையைப் பிடித்துப் பார்த்தேன். முடிந்திருந்தது.

அன்று மாலைவரை கரண்டு வரவில்லை. உடலை வைத்த குளிர்பெட்டிக்கு நான்தான் பேட்டரி போட்டேன். புதுப் பேட்டரி. மகன் வந்து சேரும்வரை ஒரு நொடிகூட நிற்கவில்லை. அக்கா என்னைப் பிடித்துக்கொண்டு, "நீ ஓடி வந்தும் காப்பாத்த முடியலியேய்யா" என்று அழுதார்கள்.

காரியம் முடிந்து மகன் அந்தப் பேட்டரிகளை வேறு கடைக்குக் கொண்டுபோனான். ஸ்டிக்கரை உரித்ததும் உள்ளே படகின் எண் இருந்தது. அதை வைத்து பிரின்ஸைத் தேடிப் பிடித்தார்கள். அவன் உள்ளதைச் சொன்னான். அவன்மேல் எனக்கு வருத்தமில்லை.

ஆறு மணி நேரம் என்று தெரிந்தே பொய் சொன்னேன். சிலிண்டரை வெளியேற்றினேன். தெருமுனையில் நின்று அவர் மூச்சு நிற்கும்வரை காத்திருந்தேன். கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்று மட்டும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தத் தெருவில் இருபது வீடு இருக்கிறது. எல்லா வீட்டிலும் ஆட்கள் இருந்தார்கள், அவர்கள் சொந்தக்காரர்களே மூன்று வீட்டில் இருந்தார்கள். அக்கா அவர்களில் ஒருவரையும் கூப்பிடவில்லை. என்னைத்தான் கூப்பிட்டார்கள்.