புதன்கிழமை நான் கேட்ட ஜெபம்

மேடையில் இருக்கும் போதகர் கோல்பி ரைனர் அவர்களே, டீக்கன்மாரே, முன் வரிசையில் அமர்ந்திருக்கும், மறைந்த பாஸ்டரின் மனைவி லோரீன் அம்மா அவர்களே, அவர்கள் மகள் டெசா, டார்பி ஸ்பிரிங்ஸ் சபையாரே, தீவனக் கடையிலிருந்து வேலை உடுப்போடு வந்திருக்கும் நண்பர்களே! கடைசி வரிசையில் கதவோரம் உட்கார்ந்திருக்கும் மிஸ் கொரின் லாஷ்லி அவர்களே! உங்கள் பெயரை இந்தக் கட்டடத்துக்குள் நான் மரியாதையோடு சொல்வது இதுதான் முதல் தடவை.

என் பெயர் ராய்ஸ் ஸ்டாம்பர். முப்பது வருடமாக இந்தச் சபையின் நிர்வாகப் பொறுப்பில் இருக்கும் டீக்கன். பதினெட்டு வருடமாக நம் ஊர் வாரப் பத்திரிகையில் விசுவாசம், அரசியல், நாடு போகிற போக்கு என்று எழுதித் தள்ளுகிறவன். நேற்று நாம் அடக்கம் செய்த பாஸ்டர் வெண்டல் டாக்கெட் அவர்களைப் பற்றிப் பேச இந்த ஊரில் தகுதியே இல்லாத ஆள் ஒருவன் உண்டென்றால் அது நான்தான். பணிவுக்காகச் சொல்லவில்லை. லோரீன் அம்மாவிடமே சொல்லிப் பார்த்தேன்.

"வேற யாரையாவது பேச வைங்கம்மா. என்னால முடியாது."

"அவர் இல்லாத இடத்துல அவரப் பத்தி நீ ஒரு தடவ பேசின, ராய்ஸ். இப்பவும் அவர் இல்ல. எந்திரிச்சுப் பேசு."

எழுந்துவிட்டேன்.

பாஸ்டர் டாக்கெட் யார்? பதினான்கு வருடம் இந்தப் பிரசங்க பீடத்தில் நின்றவர். சூறாவளி அடித்த வருடம் பிரசங்கக் குறிப்பைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, கையில் ரம்பத்தோடு வீடு வீடாகப் போய் விழுந்த மரத்தை அறுத்தவர். கருவில் இருக்கும் உயிரைப் பற்றியும் திருமணத்தைப் பற்றியும் நீங்களும் நானும் நம்புவதையே நம்பியவர். அதில் அவர் ஒரு அங்குலமும் நகரவில்லை. நானும் நகரவில்லை. ராய்ஸ் ஸ்டாம்பர் வயதான காலத்தில் கட்சி மாறிவிட்டான் என்று யாரும் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டாம். நான் நம்பியதைப் பற்றி எனக்கு வெட்கம் இல்லை. அதற்காகப் போராடுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் செய்ததைப் பற்றித்தான் வெட்கம்.

தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளர் நம் பீடத்தில் மூன்றே நிமிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவருக்காகத் தூது போனவனும் நான்தான். பாஸ்டர் என்ன சொன்னார் தெரியுமா?

"தாராளமா வரச் சொல்லு. பெஞ்சு காலியாத்தான் கெடக்கு. வந்து உக்காந்து நம்மளோட பாடட்டும்."

"பாஸ்டர், நீங்களே அவருக்குத்தான ஓட்டுப் போடப் போறீங்க?"

"ஆமா, போடுவேன். அதுக்காக அவர் பேச்சு கர்த்தரோட பேச்சுன்னு ஆகுற மாதிரி அவரப் பீடத்துல நிக்க வைக்கணுமா?"

என் கட்டுரைகளையும் அவர் விடாமல் படிப்பார். ஒரு ஞாயிறு கை குலுக்கும்போது, "ராய்ஸ், இந்த வாரம் நல்லா எழுதியிருக்க. கர்த்தர் மூணு எடத்துல வர்றார். நீ ஒம்பது எடத்துல வர்ற" என்றார். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். உள்ளே எரிந்தது. அந்த எரிச்சலை நான் அன்றே அணைத்திருக்க வேண்டும்!

அப்புறம் பள்ளிக்கூட நூலகச் சண்டை வந்தது. ஒரு புத்தகம். பிள்ளைகள் படிக்கத் தகாதது என்று நான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் அதோடு நான் நிறுத்தினேனா? நூலகர் மிஸ் கொரினே ஒரு பிள்ளையின் கையில் அதைத் திணித்தார் என்று எழுதினேன். யாரோ சொன்னார்கள், எழுதினேன். மறுநாள் பாஸ்டர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"அந்தம்மாவ நேர்ல போய்க் கேட்டியா, ராய்ஸ்?"

"ஊரே சொல்லுது, பாஸ்டர்."

"ஊரு எழுதல. நீ எழுதியிருக்க."

ஒருவர் மேல் குறை இருந்தால் முதலில் தனியே போய் அவரிடமே சொல் என்பது இந்தச் சபையின் பழைய விதி. எத்தனை வகுப்பில் அதை நானே பாடமாக நடத்தியிருக்கிறேன்! நான் போகவில்லை. அவர் போனார். பிறகு கல்விக் குழுக் கூட்டத்தில் எழுந்து இரண்டே விஷயம் சொன்னார். அந்தப் புத்தகம் அந்த அலமாரியில் இருக்கக் கூடாது என்றார். இந்த அம்மாவைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது பொய், பையன் தானாகத்தான் எடுத்தான் என்றார். முதலாவதற்கு நம் ஆட்கள் கை தட்டினார்கள். இரண்டாவதற்கு யாரும் தட்டவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால் நான் பொய்யனாகிப் போய் உட்கார்ந்திருந்தேன்.

அடுத்த செவ்வாய் அவருடைய நீல வண்டி மிஸ் கொரின் வீட்டு வாசலில் நின்றது. அதற்கடுத்த செவ்வாயும் நின்றது. நான் பார்த்தேன். பார்க்க வேண்டும் என்றே அந்தத் தெரு வழியாகப் போனேன். அதையும் இன்று சொல்லிவிடுகிறேன்.

புதன்கிழமை ஜெபக் கூட்டத்தில் நாம் என்ன செய்வோம்? சாப்பிட்டு முடித்து, ஒவ்வொருவராக எழுந்து ஜெபக் குறிப்பு சொல்வோம். இன்னாருக்கு மூட்டு வலி, இன்னாருடைய மகன் குடிக்கிறான். மறுநாள் காலையில் போன் மேல் போன் போட்டு அது ஊர் முழுக்கப் போகும். புறணி பேசினால் பாவம் என்று நமக்குத் தெரியும். அதனால் நாம் புறணி பேசுவதில்லை. ஜெபக் குறிப்பு கொடுக்கிறோம். இந்த அரங்கில் இதைச் செய்யாதவர் யார்? கையைத் தூக்குங்கள், பார்ப்போம்!

அந்தப் புதன்கிழமை நான் எழுந்து சொன்ன வார்த்தைகள் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன. "நம்ம பாஸ்டருக்காக ஜெபம் பண்ணுங்க. அவர் யாரோட பழகுறார், எந்த வீட்டுக்குப் போறார்ங்கறதுல கர்த்தர் அவரக் காப்பாத்தணும். இதுக்கு மேல நான் சொல்ல விரும்பல." சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. பலர் ஆமென் என்றார்கள்.

இதற்கு மேல் சொல்ல விரும்பவில்லை! மற்றதை நீங்கள் சொல்லிக்கொண்டீர்கள். வியாழக்கிழமை மதியம் அவர் எதிர்க்கட்சிக்காரர் ஆனார். ஞாயிற்றுக்கிழமை விபசாரம் செய்பவர் ஆனார். யாரும் அவர் முகத்துக்கு நேரே எதையும் கேட்கவில்லை. அவருக்காக எல்லோரும் ஜெபித்தார்கள், அவ்வளவுதான். ஆறே வாரத்தில் சபைக் கூட்டம் கூடியது. போதகரும் சபையும் வேறு வேறு திசையில் போவதால் அவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டும் என்று ஒரு தீர்மானம். தொண்ணூற்று நான்கு கைகள் உயர்ந்தன. என் கை முதல் கை. லோரீன் அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் எழுந்து, "என்கிட்ட யாரும் எதுவும் கேக்கல. கேக்காத கேள்விக்கு நான் என்னத்தச் சொல்ல?" என்று மட்டும் சொல்லிவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு போனார். நாற்பது மைல் தள்ளி ஒரு தீவனக் கடையில் பதினோரு வருடம் மூட்டை தூக்கினார். போன வியாழக்கிழமை அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார்.

சனிக்கிழமை நான் சுட்ட பன்றித்தொடை ஒன்றை எடுத்துக்கொண்டு துக்க வீட்டுக்குப் போனேன். துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவதில் நம்மை யாரும் குறை சொல்ல முடியாது. அடுக்களையில் மிஸ் கொரின் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு அவரிடம் முதல் தடவையாக நேரே கேட்டேன், அந்தச் செவ்வாய்க்கிழமைகளில் என்ன நடந்தது என்று. அவர் கையைக்கூடத் துடைக்கவில்லை.

"சண்டதான் நடந்துச்சு. மொதல் நாளு வாசல்ல நின்னு, 'கூட்டத்துல உங்களுக்கு எதிராப் பேசப் போறேன், அத உங்க மூஞ்சிக்கு நேராச் சொல்லிரணும்னு வந்தேன்'னாரு. உள்ள வந்து சொல்லுங்கன்னேன். கூட்டம் முடிஞ்சப்புறமும் சண்ட முடியல. வாரா வாரம் வந்து என் காப்பியக் குடிச்சிட்டு எங்கிட்டயே வாதாடுவாரு. அவர் சொன்ன ஒண்ணக்கூட நான் ஒத்துக்கல. ஆனா என்னப் பத்தி அவர் சொன்னது பூராத்தையும் எங்கிட்டயே சொன்னாரு. இந்த ஊருல அப்பிடி ஒரு ஆளு அவருதான்."

ரொட்டி வெட்டிக்கொண்டிருந்த லோரீன் அம்மா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வண்டியப் பாத்தியே ராய்ஸ், வண்டியில யார் வந்தாங்கன்னு பாத்தியா? ஒவ்வொரு செவ்வாயும் நானும் கூடத்தான் போனேன். இவங்க சண்டைய வேடிக்க பாக்கிறதுக்கே போவேன். நீ ஒரு வார்த்த கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்."

சபையாரே, நாட்டின் ஒழுக்கத்தைப் பற்றி நான் எழுதிய கட்டுரைகள் தொள்ளாயிரத்துக்கு மேல் இருக்கும். அத்தனையும் எதற்கு? என் அருமைப் போதகரின் பேரைக் கெடுத்தேன், அதையும் கண்ணை மூடிக்கொண்டு, கையைக் குவித்துக்கொண்டு செய்தேன். லோரீன் அம்மா, என்னை மன்னியுங்கள். மிஸ் கொரின், உங்களைப் பற்றி நான் எழுதியது பொய். அது வந்த அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், இந்த வாரம் அதைப் பொய் என்று எழுதுகிறேன். சபைப் பதிவேட்டில் உள்ள அந்தத் தீர்மானத்தை ரத்து செய்யக் கேட்டு அடுத்த கூட்டத்தில் முதலில் எழுகிறவனும் நானாகவே இருப்பேன். டீக்கன் பொறுப்பை விட்டுவிடுகிறேன். ஆனால் புதன்கிழமை வருவேன். யாராவது எழுந்து இன்னொருவரின் குறையை ஜெபக் குறிப்பாகச் சொன்னால், "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்று கேட்பேன். உங்களுக்கு என்னைப் பிடிக்காமல் போகும். பரவாயில்லை. பாஸ்டர் வெண்டல் டாக்கெட்டின் வேலையில் என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான், அதைச் செய்வேன் என்று உங்கள் முன்னால் வாக்குக் கொடுக்கிறேன்.

இன்னும் ஒன்றைச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். இன்று காலை வாசலில் நின்று வருகிறவர்களுக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தேன். டெசா வந்தாள். அவர்கள் ஊரை விட்டுப் போனபோது அவளுக்கு ஏழு வயது. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. பெயரைச் சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது.

"ராய்ஸ் அங்கிளா? நீங்கதானா அது? தெனமும் சாப்பாட்டு மேசையில அப்பா உங்களுக்காக ஜெபம் பண்ணுவாங்க. ஒரு நாள்கூட விட்டதில்ல. எதுக்குன்னு கேட்டா மட்டும் சொல்லவே மாட்டாங்க. உங்களுக்கு ஏதோ பெரிய வியாதின்னு நானா நெனச்சுக்கிட்டேன்."

பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்போ ஒடம்பு குணமாயிருச்சா, அங்கிள்?"