‘தலைவர் (பொறுப்பு)’ என்றே விடைபெறும் பெர்மெத் எசெனோவ்னா அவர்களுக்கு

ஐந்து நாட்டு ஆற்றுநீர் ஆணையத்தின் அச்சாணியே! அணைத் தண்ணீருக்காக அண்டை நாடுகள் அடித்துக்கொள்ளாமல் காத்த அஞ்சா நெஞ்சே! பிஷ்கெக் செயலகத்தின் பெருமையே, அக்கா முறை கொண்டாடி நாங்கள் அழைத்த பெர்மெத் எஜே! உங்களை வாழ்த்தி வழியனுப்பக் கூடியிருக்கிறோம். வாழ்த்தத்தான் வாய் வரவில்லை.

மின்சாரம் எடுக்க மலைநாடுகள் குளிர்காலத்தில் அணையைத் திறந்தாக வேண்டும். கீழ்நாடுகளின் பருத்திக்கோ கோடையில்தான் தண்ணீர் வேண்டும். இந்த இழுபறியில் அமைச்சர்கள் மேசையைக் குத்தியபோதெல்லாம் இருதரப்பையும் உட்காரவைத்து, உருட்டியும் மிரட்டியும், கொஞ்சியும் கெஞ்சியும் கையெழுத்து வாங்கியவர் நீங்கள். ஆனாலும் உங்கள் பெயர்ப்பலகையில் கடைசிவரை ‘தலைவர் (பொறுப்பு)’ என்றே இருந்தது. நாற்காலி தேய்ந்தது, அடைப்புக்குறி தேயவில்லை.

ஓய்வு வயதை நெருங்கிவிட்ட உங்களுக்குச் சென்ற மாதக் கூட்டமே கடைசி வாய்ப்பு. இம்முறை நிரந்தரமாக்கிவிடுவார்கள் என்று பைத்தியக்காரத்தனமாக நம்பினோம். மதிய விருந்தில், நம் வழக்கப்படி, மூன்றாவது கோப்பை மது பெண்களின் பெருமைக்கு என்று ஐந்து நாட்டுப் பிரதிநிதிகளும் எழுந்து நின்று குடித்தார்கள். "எங்க எஜே இல்லேன்னா இந்த ஆறே இல்ல!" என்று கண் கலங்கினார் ஒருவர். பிறகு கூட்ட அறைக்குப் போய் உட்கார்ந்து, அணையை எட்டிக்கூடப் பார்த்திராத ஓய்வுபெற்ற தளபதி ஒருவரை ஒருமனதாகத் தலைவராக்கிக் கைதட்டினார்கள். எழுந்து நின்றதோடு உங்களுக்குச் செய்யவேண்டியதைச் செய்தாயிற்று என்று உண்மையாகவே நினைத்தார்கள், பாவிகள்!

கண் கலங்கிய அதே மனிதர்தான் சமாதானம் சொல்லவும் வந்தார்.

"கோவிச்சுக்காதீங்க எஜே. வெளிநாட்டுக்காரங்க முன்னாடி ஒரு கம்பீரம் வேணுமில்ல?"

"கம்பீரத்துக்கு ஒரு சிலைய வெச்சுக்குங்க. குதிரையோட சேத்து வெச்சா இன்னும் நல்லாருக்கும்" என்றீர்கள்.

நாங்கள் சிரித்தோம். நீங்கள் சிரிக்கவில்லை. உங்கள் அறைக்கதவு சாத்திக்கொண்டதைப் பார்த்துத்தான் எங்களுக்கும் உறைத்தது.

அடுத்த முறை தலைவர் பதவிக்கு நம் நீரியல் பொறியாளர் மீரிம் விண்ணப்பிக்கட்டும் என்று கெஞ்சிப் பார்த்தோம். "எஜேவுக்கே குடுக்கல, எனக்குத் தூக்கிக் குடுத்துடுவாங்களாக்கும்! போங்கப்பா, என்னால இன்னொரு தடவ அந்தக் கைதட்டலக் கேக்க முடியாது" என்று அவளும் வேலையை விட்டுவிட்டாள். இனி அந்த நீள மேசையில் பெண்ணென்று ஒருத்தியும் இல்லை. குளிர்காலம் வருகிறது, இருதரப்பும் உறுமத் தொடங்கிவிட்டன. யார் பேசுவார், யார் கேட்பார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஆற்றல் மிக்கவரே, அன்பின் உறைவிடமே! இசிக்குல் ஏரிக்கரை வீட்டில், உங்கள் கையால் நட்ட ஆப்ரிகாட் மரங்களின் நிழலில், நோயும் நொடியும் அண்டாமல் நெடுங்காலம் வாழுங்கள்! ஆணையத்திலிருந்து யார் தொலைபேசியில் அழைத்தாலும் எடுக்காதீர்கள்.

உங்களைப் போல் இன்னொருத்தி இங்கே வரவேண்டும் என்று வேண்டி முடிப்பதே இத்தகைய மடல்களின் முறை. அந்த வரியை எழுதினோம். வீட்டிலிருக்கும் எங்கள் மகள்களை நினைத்தோம். எழுதியதை அடித்துவிட்டோம்.

ஆற்றாமையுடன்,
ஆணையச் செயலகப் பணியாளர்கள்,
பிஷ்கெக்.