ரோங்காய் வண்டி மெதுவாகச் சென்றது பற்றி

பெயர்: சப்லோன் அமுகோயா. தந்தை பெயர்: காலஞ்சென்ற ஜோத்தாம் அமுகோயா. வயது: எழுபத்தொன்று. தொழில்: பல்கலைக்கழக நூலகத்தில் நூற்பட்டியல் தயாரிப்பவனாக இருந்து ஓய்வு பெற்றவன். வசிப்பிடம்: கங்கெமி, நைரோபி.

சார்ஜென்ட் சங்காலே முன்பாக, யாருடைய தூண்டுதலும் இல்லாமல் நான் சொல்வதாவது:

வரிசைப்படுத்திக்கொள்ளாமல் எனக்குப் பேச வராது. எனவே சொல்லப்போவதை முதலில் எண்ணிட்டுச் சொல்ல அனுமதி கேட்டேன். சார்ஜென்ட் அனுமதித்தார்.

1. அந்தக் கைப்பேசி விளையாட்டில் என் பொறுப்பு என்ன என்பது.
2. இறந்துபோன கெல்வின் முசெம்பிக்கும் இங்கே காவலில் இருக்கும் ஃபெலிக்ஸ் ஒகுத்தேவுக்கும் இருந்த உறவு.
3. ஞாயிற்றுக்கிழமை வண்டிகள் மெதுவாகச் சென்றது துக்க மரபு என்பது.
4. ஒகுத்தே யாருக்கும் தீங்கு எண்ணவில்லை என்பது.

நான் தனியாக வசிக்கிறேன். இடுப்பில் அறுவை செய்த பிறகு அதிகம் வெளியே போவதில்லை. இந்த நகரத்தின் சாலைகளை அப்படியே வைத்து இளைஞர்கள் சிலர் உருவாக்கிய, மட்டாட்டு என்னும் வாடகைச் சிற்றுந்து ஓட்டும் விளையாட்டைக் கைப்பேசியில் ஆடத் தொடங்கினேன். அதில் ஒவ்வொரு வண்டிக்கும் இருவர் வேண்டும். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்டக்டராகக் கதவில் தொங்கி ஆள் ஏற்றுவார். இருவரும் வேறு வேறு ஊரில் இருக்கலாம். நான் நன்றாக ஓட்டுகிறவன் அல்லன். ஆனால் ஆடுகிறவர்களிடையே சண்டை வரும்போதெல்லாம் எந்த விதி எதைச் சொல்கிறது என்று நீளமாக எழுதிவந்தேன். அதன் பிறகு விளையாட்டை வடிவமைத்த வச்சுகா கிருபி என்ற பெண் என்னைக் கண்காணிப்பாளர்களில் ஒருவனாக ஆக்கினார். ஆடுகிறவர்கள் என்னைப் புத்தகத் தாத்தா என்பார்கள். நான் உள்ளே வந்தால் ஒகுத்தே, "புத்தகத் தாத்தா வந்துட்டாரு, எல்லாரும் சட்டைய உள்ள விடுங்கடா" என்று எழுதுவார். அது மரியாதையா கேலியா என்று இதுவரை எனக்குத் தெளிவில்லை.

கெல்வின் மச்சாகோசைச் சேர்ந்தவர். வயது இருபத்திரண்டு. பிறவியிலேயே இரத்த நோய் உள்ளவர், பெரும்பாலும் படுக்கையில் இருப்பார். நகரத்துக்கு வெளியே ரோங்காய் போகும் வழியில் அவர் ஓட்டும் வண்டியை யாரும் எட்டிப் பிடித்ததில்லை. ஒகுத்தே அந்த வண்டியின் கண்டக்டர். நேரிலும் அவர் எம்பகாசி வண்டி ஒன்றில் கண்டக்டராக இருக்கிறார். இருவரும் ஒருவரையொருவர் முகம் பார்த்ததில்லை. ஒருமுறை மற்ற வழிக்காரர் ஒருவர், "கெல்வினு, உன் கண்டக்டர் பின்னாடி விழுந்துட்டான் பாரு" என்று எழுதியதற்கு ஒகுத்தே, "விழலடா, உங்க வண்டி எங்கயாவது கண்ணுக்குத் தெரியுதான்னு பாக்க இறங்கினேன்" என்று பதில் எழுதினார். கெல்வின் மருத்துவமனையில் இருந்த நாட்களில் அந்த வண்டி நிறுத்தத்திலேயே நிற்கும். ஒகுத்தேவை வேறு ஓட்டுநர்கள் கூப்பிட்டும் அவர் போனதில்லை. வேலை முடிந்து வந்து, நிற்கிற வண்டியின் கதவில் தொங்கியபடி மற்றவர்களுடன் பேசிக்கொண்டிருப்பார். இதை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

கெல்வின் சென்ற வாரம் இறந்தார். அடக்கத்துக்குப் போக ஒகுத்தேவுக்கு வண்டி முதலாளி விடுப்புத் தரவில்லை என்று கேள்விப்பட்டேன்.

அதன் பிறகு ஞாயிறு பிற்பகல், கம்பாலாவிலிருந்தும் டார் எஸ் சலாமிலிருந்தும் ஓட்டுநர்கள் பங்கேற்க இருந்த பெரிய போட்டி தொடங்கும் வேளையில், கெல்வினின் வண்டி முகப்பில் துக்க அடையாளமாக இலைக்கொத்து கட்டி ரோங்காய் நிறுத்தத்திலிருந்து நகரத்தை நோக்கிப் புறப்பட்டது. அதன் பின்னால் ரோங்காய் வண்டிகளும், அதன் பிறகு மற்ற வழிகளின் வண்டிகளும் விளக்கைப் போட்டுக்கொண்டு சேர்ந்தன. நடந்து போகிறவர் தாண்டிவிடும் அளவுக்கு மெதுவாகச் சென்றன. யாரும் யாரையும் முந்தவில்லை. போட்டிச் சாலைகள் எல்லாம் அடைபட்டன. கம்பாலா ஓட்டுநர் ஒருவர், "வழி விடுங்கடா, மாடா மேய்க்கிறீங்க?" என்று எழுதினார். ஒருவர், "சாவு வண்டிண்ணே" என்று பதில் எழுதினார். அதன் பிறகு அந்தக் கம்பாலா வண்டியும் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையில் கடைசியாகச் சேர்ந்ததைக் கண்டேன்.

முன்பு சிலர் வேடிக்கைக்காகச் சாலையை மறித்துவந்ததால், மிக மெதுவாகப் போய் வழி அடைக்கும் வண்டியையும், அதை முந்தாமல் ஒட்டிப் போகும் வண்டிகளையும் தானாகவே வெளியேற்றும் விதி ஒன்று விளையாட்டில் இருக்கிறது. ஊர்வலம் நகரத்தை அடைந்து போட்டிச் சாலைகளை அடைத்ததும், அந்த விதிப்படி அதில் வந்த எல்லாருடைய கணக்குகளும் முடக்கப்பட்டன. போட்டி நின்றுபோனது. வச்சுகா கிருபி கேட்டதன் பேரில், முதல் வண்டியில் ஓட்டுநராகக் கெல்வினின் கணக்கும் கண்டக்டராக ஒகுத்தேவின் கணக்கும் இருந்ததை எழுதி அனுப்பினேன். ஓட்டுநர் இருக்கையில் இருந்த ஆள் யார் என்பது எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதவில்லை.

அதன் பிறகு திங்களன்று ஒகுத்தே வேலையிடத்திலிருந்து அழைத்துவரப்பட்டார். இறந்தவரின் கணக்கை இரண்டாவது கைப்பேசியில் திருட்டுத்தனமாகத் திறந்து, போட்டியைக் குலைக்க வண்டிகளை நடத்தினார் என்பது வச்சுகா கிருபியின் புகார். வழக்குப் பதிவானால் நன்னடத்தைச் சான்று கிடைக்காது, அது இல்லாமல் கண்டக்டர் உரிம வில்லை புதுப்பிக்கப்படாது, அவருக்கு வேறு தொழில் தெரியாது. என்னை யாரும் சாட்சிக்கு அழைக்கவில்லை. நானாகவே வந்தேன்.

மூன்றாவது கருத்துக்கு வருகிறேன். துக்க ஊர்வலம் மெதுவாகச் செல்வது மனித இயல்பு என்றும், எந்த நாட்டு வழக்கத்தை எடுத்தாலும் அப்படியே என்றும், ஆகவே அன்று வண்டிகள் மெதுவாகச் சென்றதில் குற்ற நோக்கம் காண இடமில்லை என்றும் நூல்களில் படித்ததைக் கொண்டு விளக்கினேன். சார்ஜென்ட் எழுதுவதை நிறுத்தினார்.

"பெரியவரே, மட்டாட்டுக்காரன் சாவுக்கு நீங்க எப்பவாவது போயிருக்கீங்களா?"

இல்லை என்றேன்.

"நான் பந்தோபஸ்துக்குப் போயிருக்கேன். ஹாரன்ல காது கிழிஞ்சிரும். ஒவ்வொரு கதவுலயும் பத்துப் பேரு தொங்குவான். எதிர்ப்பக்கம் ஏறி வருவானுங்க. பொணமே எந்திரிச்சு உக்காந்து, கொஞ்சம் மெதுவாப் போங்கடான்னு சொல்லும். மெதுவாப் போற மட்டாட்டு சாவ நான் பாத்ததே இல்ல. அப்ப இவன் வேணும்னேதான மெதுவா விட்டிருக்கான்?"

ஒகுத்தேவுக்கு உதவியாக நான் சொன்னது அவருக்கு எதிராகத் திரும்பியதை உணர்ந்தேன். எழுந்து போய்விடலாமா என்றுகூடத் தோன்றியது. ஆயினும் காரணம் எனக்குத் தெரியவில்லை என்பதால் காரணம் குற்றமே என்று ஆகிவிடாது என்றும், என் நான்காவது கருத்தில் மாற்றமில்லை என்றும் சொன்னேன். அதன் பிறகு ஊர்வலத்தின் பதிவை இருவரும் சேர்ந்து மறுபடி பார்க்க வேண்டும் என்று கேட்டேன்.

சார்ஜென்டின் கைப்பேசியில் பார்த்தோம். முதல் வண்டியின் பின்புறச் சிவப்பு விளக்கு ரோங்காயிலிருந்து நகரம் வரை ஒருமுறைகூட அணையவில்லை. பிரேக்கை அழுத்தினால் மட்டுமே அது எரியும். வழி மறிக்க நினைப்பவன் வண்டியை நடுவில் நிறுத்தினால் போதும், பிரேக்கையும் ஓட்டும் பொத்தானையும் ஒன்றாக அழுத்திக்கொண்டு அவ்வளவு தூரம் வரமாட்டான் என்றேன். அப்படிச் செய்கிறவர்கள் முதல்முறை ஆடுகிறவர்கள் மட்டுமே. முதல் நாள் நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஆகவே ஓட்டியவர் ஒகுத்தே அல்லர் என்று உறுதியாகச் சொன்னேன்.

அதன் பிறகு ஒகுத்தே அழைத்துவரப்பட்டார். ஓட்டியது யார் என்று சார்ஜென்ட் கேட்டதற்குத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். கதவு திறந்திருந்தது. வெளியே பெஞ்சில் காலையிலிருந்து ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். அவர் ஒகுத்தேவின் தாயார் என்று காவலர்கள் நினைத்திருந்தார்கள். அவர் எழுந்து வாசலுக்கு வந்தார்.

"அந்தத் தம்பிய ஏன் கேக்குறீங்க? வண்டிய ஓட்டுனது நான்."

குரலைக் கேட்டதும் ஒகுத்தே திரும்பி, "கெல்வின் அம்மாவா? ஐயோ, நீங்க ஏம்மா இங்க வந்தீங்க, போங்கம்மா" என்றார்.

"போறதாவது. ரெண்டு நாளா போன எடுக்கல. எம்பேரச் சொல்லியிருந்தா நேத்தே வீட்டுக்குப் போயிருப்ப இல்ல?"

அவர் பெயர் ரோடா மும்புவா. மகனுடைய கைப்பேசியை மேசைமேல் வைத்தார். அடக்கம் முடிந்த மறுநாள் ஒகுத்தே அதில் கூப்பிட்டதாகவும், வண்டியை ஒருமுறை நகரத்துக்குக் கொண்டுபோக எல்லாரும் விரும்புகிறார்கள், ஓட்டுநர் இருக்கையில் வேறு ஆளை உட்காரவைக்க மனம் வரவில்லை, நீங்கள் உட்காருகிறீர்களா என்று கேட்டதாகவும் சொன்னார்.

"எனக்கு என்ன தெரியும். ஒரு கட்டைவிரல்ல அமுக்குனா ஓடும், இன்னொண்ணுல அமுக்குனா நிக்கும்னு தம்பி சொல்லிக்குடுத்துச்சு. நான் ரெண்டையும் விடல."

"ஏம்மா விடல?" என்று சார்ஜென்ட் கேட்டார்.

"எம்புள்ள வண்டி. எங்கயாவது இடிச்சிட்டா?"

சார்ஜென்ட் ஒகுத்தேவிடம், "கொஞ்சம் வேகமாப் போங்கன்னு நீ சொல்லியிருக்கலாம் இல்லடா?" என்றார்.

"எப்படி சார் சொல்றது? அவங்க பாட்டுக்குப் போயிட்டிருந்தாங்க. பின்னாடி ஒருத்தன் ஹாரன் அடிக்கல, ஒருத்தன் முந்தல. ரோங்காய் பசங்க, சார்!"

அதன் பிறகு சார்ஜென்ட் அந்த அம்மாவுக்குத் தம் நாற்காலியைக் கொடுத்தார். வச்சுகா கிருபிக்குத் தொலைபேசியில் விவரம் சொன்னார். புகாரைத் திரும்பப் பெற உடனே புறப்பட்டு வருவதாக அவர் சொன்னது எனக்கும் கேட்டது.

இதுவரை எழுதியதைச் சார்ஜென்ட் படித்துக் காட்டினார். மூன்றாவது கருத்தை அடித்துவிடலாமா என்று கேட்டார். நான் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும், கீழே இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்றேன். முதல், இரண்டாம், நான்காம் கருத்துகள் நான் கண்டும் அறிந்தும் சொன்னவை, எந்த நீதிமன்றத்திலும் அவற்றை அப்படியே சொல்வேன். மூன்றாவது தவறு. வண்டிகள் மெதுவாகச் சென்றது எந்த மரபினாலும் அல்ல. முன்னால் போனவருக்கு ஓட்டத் தெரியவில்லை. பின்னால் வந்தவர்கள் அவரை முந்தவில்லை.

(ஒப்பம்) சப்லோன் அமுகோயா
என் முன்பாக: சார்ஜென்ட் சங்காலே