அப்பளம் இல்லாத பந்தி

இங்க ஒரு அம்மா சீட்டு எழுதி அனுப்பியிருக்காங்க. "வெயில் வருசா வருசம் ஏறுது. மழை கண்ட மாசத்துல கொட்டுது. எல்லாருக்கும் தெரியுது. அப்புறம் ஏன் யாருமே பதறல?"... நல்ல கேள்வி. பதில் சொல்றதுக்கு முன்னாடி உங்களை ஒரு கல்யாண மண்டபத்துச் சமையல்கட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன். சின்னக் கதைதான், வாங்க.

காங்கேயம் பக்கம் ஒரு கல்யாணம். தாலி கட்டியாச்சு. நானூறு பேர் பந்திக்கு உக்காரப் போறாங்க. சாம்பார், ரசம், பாயசம் எல்லாம் இறக்கி, அடுப்பையெல்லாம் அணைச்சாச்சு. பாக்கி ஒண்ணே ஒண்ணு... அப்பளம். சமையல் மாஸ்டர் நாச்சிமுத்துவுக்கு அதுல ஒரு கர்வம். அப்பளம் சட்டியில இருந்து நேரா இலைக்குப் போகணும். முன்னாடியே பொரிச்சு வைக்க மாட்டாரு.

அங்க பாத்திரம் தேய்க்கிற பொம்பளை பாவாயி. குப்பையைப் பின்னாடி கொட்டிட்டு உள்ள வர்றா. வாசப்படியில காலை வைக்கும்போதே...

"மாஸ்டர்... கேஸ் நாத்தம் அடிக்குதுங்."

மாஸ்டர் மூக்கை உறிஞ்சிப் பாக்குறாரு. "எங்க? ஒண்ணும் இல்லியே!" காய் நறுக்குறவங்க, இலை துடைக்கிறவங்க, எல்லாரும் உறிஞ்சிப் பாக்குறாங்க. "ஒண்ணும் அடிக்கல அக்கா!"

பொய் சொன்னாங்களா? இல்லீங்க! சத்தியமா அவங்களுக்கு அடிக்கல. அடுப்பை அணைச்சதுல இருந்து அதுக்குள்ளயே நிக்கிறாங்க. கொஞ்சங் கொஞ்சமா ஏறின நாத்தம், மூக்குக்குப் பழகிப் போச்சு.

மாஸ்டர் சொல்றாரு, "நீ இங்கயே செத்த நேரம் நின்னு பாரு, புள்ள."

நின்னா. அஞ்சு நிமிசம் ஆச்சு. "இப்ப அடிக்குதா?"... பாவாயி மூக்கைத் தேய்ச்சுக்கிட்டு, "இல்லீங்" அப்படின்னா. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சுட்டா. "சளி புடிச்சிருக்குமோ என்னமோ." பாத்தீங்களா? சரியாச் சொன்னவளே தன் மூக்கைச் சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டா!

மறுபடி வெளிய போனா. ஒரு குடம் தண்ணி புடிச்சா. மறுபடி உள்ள வந்தா... குடத்தை அப்படியே இறக்கி வச்சுட்டா. முன்னைக்கு ரெண்டு பங்கு அடிக்குது! கேஸ் மேல போகாதுங்க. தரையோட தரையாத் தேங்கி நிக்கும். அங்க நாச்சிமுத்து எண்ணெய்ச் சட்டியை அடுப்புல ஏத்தி வச்சுட்டு... கையில தீப்பெட்டி.

"மாஸ்டர்! ரெண்டு நிமிசம் என்கூட வெளிய வாங்க!"

"அட, பந்தி உக்காந்தாச்சு புள்ள!"

"உங்க காலைப் புடிச்சுக்கறேன், வாங்க!"

திட்டிக்கிட்டே போனாரு. வேப்பமரத்தடியில நின்னாரு, நல்லா மூச்சு இழுத்தாரு, திரும்பி வந்தாரு. வாசப்படியில கால் வச்சாரு... அவ்வளவுதான், முகத்துல ரத்தமே இல்லை.

இப்ப அவருக்குத் தெரிஞ்சு போச்சு. கதை இங்க முடியணும் இல்லையா? அங்கதாங்க ஆரம்பிக்குது!

பொண்ணோட அப்பா குழந்தைவேல் ஓடி வர்றாரு. "மாஸ்டர், சம்பந்தி வீட்டு ஆளுங்க இலை முன்னாடி உக்காந்துட்டாங்க. அப்பளம் எங்க? என் மானத்தை வாங்காதீங்க!"

நாச்சிமுத்து அவரைப் பாக்குறாரு... சட்டியைப் பாக்குறாரு... "ஒரே ஒரு ஈடு. பொரிச்சுட்டு மூடிடலாம்."

குச்சியை எடுத்தாரு.

ஐயா, அவருக்குத் தெரியும்! மூக்கு சொல்லிருச்சு! பக்கத்துல பத்து உயிரு நிக்குது, சுவத்துக்கு அந்தாண்ட நானூறு உயிரு உக்காந்திருக்கு. அத்தனையும் தெரிஞ்சே குச்சியை எடுக்குறாரு. அவரு கெட்டவரா? இல்லை. ஒரு நல்ல மனுசனுக்கு, சாவை விட சம்பந்தியோட முகம் பக்கத்துல தெரிஞ்சுது.

பாவாயி பாஞ்சா. தீப்பெட்டியையும் குச்சியையும் அவர் கையில இருந்து புடுங்கி, பாத்திரம் கழுவுற தொட்டித் தண்ணியில வீசிட்டா! "சிலிண்டரை மூடுங்க! சுவிட்ச்சு எதையும் தொடாதீங்க! எல்லாரும் வெளிய போங்க!"

மூடினாங்க. கதவைத் திறந்து விட்டாங்க. அப்புறமா டார்ச்சு இல்லாம, பகல் வெளிச்சத்துல குனிஞ்சு பாத்தா... அப்பள அடுப்புக்குப் போற ட்யூப்பை எலி கடிச்சு வச்சிருக்கு.

சரி, அவளுக்கு மாலை போட்டாங்களா? மாப்பிள்ளையோட மாமா இலையைப் பாத்துச் சொன்னாரு, "அப்பளம் கூட இல்லாத கல்யாணத்தை இன்னிக்குத்தான் பாக்குறேன்." குழந்தைவேல் நேரா பாவாயிகிட்ட வந்தாரு. "அதான் ஒண்ணும் ஆகலையே! எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?" ஒண்ணும் ஆகலைன்னா, அது அவளாலதான்னு எப்படிச் சொல்லுவா?

அம்மா, சீட்டு அனுப்பினீங்களே... இதுதான் பதில். நாம சமையல்கட்டுக்குள்ள நிக்கிறோம். போன வருசத்து வெயில் இந்த வருசம் பழகிப் போச்சு. கடலுக்குப் போறவர், காட்டுல ஆடு மேய்க்கிறவர், மழைமானியைப் பாத்துப் பாத்து எழுதறவர், இவங்கெல்லாம் வாசப்படியில நின்னு கத்துறாங்க. நாம, "இங்க நின்னு பாரு, ஒண்ணும் அடிக்கல"ங்கறோம். சில பேருக்கு அடிக்குது. எனக்கும் அடிக்குதுங்க, மறைக்க மாட்டேன். ஆனா என் கையிலயும் ஒரு குச்சி இருக்கு... "இந்த ஒரு வேலை முடியட்டும், இந்த ஒரு வருசம் போகட்டும்."

அந்த ஒரு ஈடுதாங்க நம்மளைக் கொல்லும். முதல்ல வால்வை மூடுங்க. பேச்சு வாங்கினா வாங்கிக்குங்க.

அன்னிக்கு அந்த மண்டபத்துல நானூறு பேரும் பாவாயியைக் குறை சொல்லிக்கிட்டேதான் வீட்டுக்குப் போனாங்க. ஆனா... நானூறு பேரும் வீட்டுக்குப் போனாங்க.